இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சும் வயிற்றுப்போக்கும்: புரோபயாட்டிக் எவ்வளவு தூரம் உதவும்?

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் வெளிக் கதிர்வீச்சு பெரும்பாலும் 25 தவணைகளாக, திங்கள் முதல் வெள்ளி வரை, 5 வாரங்களுக்கு நடக்கும். அதனுடன் வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும், கடைசிக் கட்டத்தில் பிராக்கிதெரபி என்ற உட்கதிர்வீச்சும் சேரும். என் சித்திக்கு மதுரையில் இந்தச் சிகிச்சை நடந்தபோது உடனிருந்து கவனித்துக்கொண்டவள் நான். கோவில்பட்டியில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் என்பதால், சிகிச்சை தொடங்கும் முன்பே உறவினர்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கரண்ட் வச்சா வயித்தால போகுமாமே, அதுக்கு முன்னாடியே ஏதாவது மாத்திரை கொடுக்க முடியாதா?" புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள் அடங்கிய மருந்து, கொடுக்க முடியும், ஆனால் அதற்கு உள்ள வலிமை எவ்வளவு, வரம்பு எவ்வளவு என்பதைப் புரிந்துகொண்டு கொடுப்பது வேறு, கடையில் கண்ணில் பட்டதை வாங்கிக் கொடுப்பது வேறு. அந்த வாரங்களில் படித்ததையும் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், வயிறு ஏன் கெடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சிறுகுடலின் உட்புறத்தை மூடியிருக்கும் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. அவற்றை உண்டாக்கும் மூலச்செல்கள் குடற்சுவரின் சிறு குழிகளில் இருக்கின்றன; வேகமாகப் பிரியும் எந்தச் செல்லையும் போலவே அவையும் கதிர்வீச்சுக்கு எளிதில் பலியாகின்றன. பழைய செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்க, புதியவை போதிய அளவில் வராதபோது குடலின் உறிஞ்சும் பரப்பு சுருங்குகிறது. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைகிறது; சிறுகுடலின் கடைப்பகுதியில் திரும்ப உறிஞ்சப்பட வேண்டிய பித்த அமிலங்கள் பெருங்குடலுக்குள் இறங்கி நீரை இழுத்துக்கொண்டு வெளியேறுகின்றன; குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கலவையும் மாறிவிடுகிறது. இவை எல்லாம் சேர்ந்து இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் வயிற்றுப்போக்காகத் தலைகாட்டும். முதல் வாரம் எதுவும் நடக்கவில்லையே என்று நிம்மதி அடைபவர்கள் பலர். அந்த வாரம் எதற்கும் சாட்சி ஆகாது.

வயிற்றுப்போக்கு ஒரு தொல்லை மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இந்த நோயில் வெளிக் கதிர்வீச்சும் உட்கதிர்வீச்சும் சேர்த்து மொத்தச் சிகிச்சையும் 8 வாரங்களுக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. அதற்கு மேல் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு சிறிது சிறிதாகக் குறைகிறது. போதாக்குறைக்கு, சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. உடலில் நீர் வற்றிய நிலையில் அது ஏறினால் பாதிப்பு கூடும் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்த அளவு உயர்ந்திருக்கும் வாரத்தில் கீமோவை நிறுத்திவிடுவார்கள். ஆகவே புரோபயாட்டிக் கொடுப்பதாக இருந்தாலும், மோர் கொடுப்பதாக இருந்தாலும், எங்கள் கணக்கு ஒன்றாகத்தான் இருந்தது: ஒரு தவணையும் தவறக் கூடாது.

புரோபயாட்டிக் குறித்து நடந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு பெற்ற 490 பேர் கலந்துகொண்டார்கள். வி.எஸ்.எல்.3 என்ற, பல வகை நுண்ணுயிர்கள் கலந்த தூளைப் பெற்றவர்களில் 31.6 சதவீதம் பேருக்கும், ஒப்பீட்டுக்காக வெற்று மருந்து (பார்க்க மருந்துபோல் இருந்தாலும் மருந்தில்லாதது) பெற்றவர்களில் 51.8 சதவீதம் பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. எங்கள் நிலைமைக்கு நெருக்கமானது 2010-இல் தாய்லாந்தின் சியாங் மாயிலிருந்து வெளியான ஆய்வு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் வாராந்திர சிஸ்பிளாட்டினும் பெற்ற 63 பெண்களில் ஒரு பாதியினருக்கு லாக்டோபேசில்லஸ் ஆசிடோஃபிலஸும் பிஃபிடோபாக்டீரியம் பிஃபிடமும் சேர்ந்த மருந்தைக் கதிர்வீச்சுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, தினம் இரு வேளை கொடுத்தார்கள். மிதமான அல்லது கடுமையான வயிற்றுப்போக்கு வெற்று மருந்துக் குழுவில் 45 சதவீதம் பேருக்கும், புரோபயாட்டிக் குழுவில் 9 சதவீதம் பேருக்கும் வந்தது.

இவற்றை மட்டும் படித்தால் கை தானாகவே அலமாரிக்குப் போகும். 2008-இல் வெளியான ஸ்பெயின் ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதில் லாக்டோபேசில்லஸ் கேஸி கலந்த புளித்த பால் பானத்தைக் குடித்த பெண்களுக்கு மலம் சற்றே இறுகியதே தவிர, வயிற்றுப்போக்கு வருவது குறையவில்லை. 2018-இல் காக்ரேன் அமைப்பு கீமோ, கதிர்வீச்சு இரண்டையும் சார்ந்த 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கதிர்வீச்சு பெறுபவர்களுக்குப் பயன் இருக்கலாம் என்ற அறிகுறியைக் கண்டது. கூடவே அந்தச் சான்றுகளின் நம்பகத்தன்மை குறைவு அல்லது மிகக் குறைவு என்றும் மதிப்பிட்டது. புற்றுநோயாளிகளின் ஆதரவு சிகிச்சைக்கான எம்.ஏ.எஸ்.சி.சி. என்ற பன்னாட்டு அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்புப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோ கீமோவோ பெறுபவர்களுக்கு லாக்டோபேசில்லஸ் வகை புரோபயாட்டிக்கைப் பரிந்துரைத்தாலும், அதை உறுதியான கட்டளையாகச் சொல்லாமல் யோசனையாகத்தான் சொல்கிறது. இவற்றைப் படித்து நான் வந்த முடிவு, முயன்று பார்ப்பதற்குப் போதிய நியாயம் இருக்கிறது, நம்பி மற்றவற்றைக் கைவிடுவதற்கு இல்லை என்பது.

அடுத்தது எதை வாங்குவது என்ற கேள்வி. எங்கள் ஊர்க் கடைகளில் வயிற்றுப்போக்கு என்று சொன்னதும் எடுத்துக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் பேசில்லஸ் கிளாசி அடங்கிய சிறு பிளாஸ்டிக் குப்பி, அல்லது சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட் அடங்கிய பொட்டலம். மேலே சொன்ன இத்தாலி, தாய்லாந்து, ஸ்பெயின் ஆய்வுகள் எதிலும் இவை பயன்படுத்தப்படவில்லை. புரோபயாட்டிக் என்பது ஒரே மருந்தின் பெயர் இல்லை. ஒவ்வொரு இனத்துக்கும், ஏன், ஒரே இனத்தின் ஒவ்வொரு வகைக்கும் குணம் வேறு. ஆகவே பெட்டியின் முகப்பைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பி, எந்த நுண்ணுயிர், ஒரு வேளைக்கு எத்தனை என்று படிக்க வேண்டும். அங்கே பில்லியன் கணக்கில் இருக்கும். ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. தாய்லாந்து ஆய்வின் ஒரு வேளை அளவு 200 கோடி. இத்தாலியத் தூளின் ஒரு பொட்டலத்தில் 45,000 கோடி. இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, எண்ணிக்கை கூடினால் பலனும் கூடும் என்று சொல்லி விலையை ஏற்றும் விற்பனையாளர்களை நான் நம்புவதில்லை. பெயரையும் நம்ப முடியாது: வி.எஸ்.எல்.3-இன் மூலக் கலவை 2016 முதல் வேறு பெயர்களில் விற்கப்படுகிறது, பழைய பெயரில் வருவது வேறு கலவை. வெளிநாட்டிலிருந்து அதை வரவழைத்துத் தருவதாக ஒரு உறவினர் அன்போடு முன்வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

கதிர்வீச்சு மருத்துவரிடம் பெட்டியையே கொண்டுபோய்க் காட்டினோம். அவர் சம்மதித்தார், ஆனால் நிபந்தனைகளோடு. உயிருள்ள நுண்ணுயிரை வாயில் போடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது என்பது அவருடைய முதல் வாக்கியம். கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது, புண்ணான குடற்சுவரைத் தாண்டி அவை இரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து அரிதாக இருந்தாலும் உண்மையானது. எனவே வாரந்தோறும் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கை 1,000-க்குக் கீழே இறங்கினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, அன்றே நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும் என்றார். ஈஸ்ட் வகையை அடியோடு மறுத்தார். அதற்கு அடிப்படை இருக்கிறது: மைய இரத்தக்குழாயில் குழாய் செருகப்பட்டவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் சாக்கரோமைசிஸ் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் எச்சரித்திருக்கிறது. நோயாளிக்குக் கொடுக்காவிட்டாலும், அதே அறையில் வேறொருவருக்காகப் பொட்டலத்தைப் பிரித்த கையிலிருந்தும் காற்றிலிருந்தும் அது பரவக்கூடும்.

லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் இரண்டும் சேர்ந்த காப்ஸ்யூலைக் கதிர்வீச்சுக்கு முந்தைய வாரமே தொடங்கினோம். இவற்றில் பலவற்றைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். கோவில்பட்டி வெயிலில், பேருந்தின் மேல் தட்டில் வைத்த பையில், எத்தனை கோடி உயிரோடு மிஞ்சும் என்பதை எந்தப் பெட்டியும் சொல்லாது. எனவே ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி, தங்கியிருந்த வீட்டுக்காரரின் குளிர்பதனப் பெட்டியில் ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டோம். காப்ஸ்யூலை வெந்நீரிலோ சூடான காபியிலோ கொடுக்கக் கூடாது. சிகிச்சையின் நடுவே சிறுநீர்த் தொற்றுக்காக ஆண்டிபயாட்டிக் எழுதப்பட்டபோது, இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விட்டோம். இல்லாவிட்டால் காப்ஸ்யூலில் உள்ள நுண்ணுயிர்களை ஆண்டிபயாட்டிக் கொன்றுவிடும்.

தயிர் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். வீட்டுத் தயிரில் நல்ல நுண்ணுயிர்கள் உண்டு என்பது உண்மை. எந்த வகை, எத்தனை என்பது உறைமோர் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் தெரியாது. அதை மருந்தின் இடத்தில் வைக்க முடியாது, உணவின் இடத்தில் தாராளமாக வைக்கலாம். பாலைவிடத் தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால், பால் காபி குடித்தால் வயிறு உப்பும் நாட்களிலும் உப்புப் போட்ட நீர்மோர் சித்திக்கு ஒத்துக்கொண்டது. தயிர் சளி பிடிக்கும், குளிர்ச்சி என்று சிலர் தடுத்தார்கள். சித்தி அதைக் காதில் வாங்கவில்லை. பழைய சோற்று விஷயத்தில்தான் வாதம் நடந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோயாளிகளிடம் பழைய சோற்றை வைத்து ஆய்வு நடப்பதைச் செய்தியில் பார்த்த சித்தப்பா, நீராகாரமே போதும் என்று நின்றார். அது கதிர்வீச்சு பெறுபவர்களிடம் நடந்த ஆய்வு இல்லை. தங்கியிருக்கும் இடத்தின் தண்ணீரில், இரவு முழுவதும் திறந்திருந்த பாத்திரத்தில் ஊறியதை, வெள்ளணு குறைந்த ஒருவருக்குக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அன்றன்று காய்ச்சி ஆறவைத்த நீரில் கடைந்த மோரோடு நிறுத்திக்கொண்டோம்.

குடலைக் காப்பதில் மாத்திரையைவிடப் பெரிய பங்கு, கதிர் எங்கே படுகிறது என்பதற்கு இருக்கிறது. மும்பை டாட்டா நினைவு மையத்தில் 300 பெண்களிடம் நடந்து 2021-இல் வெளியான பார்சர் ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஐ.எம்.ஆர்.டி. என்ற நுட்பமான முறையில், தினமும் படமெடுத்துச் சரிபார்த்துக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டவர்களில் 21 சதவீதம் பேருக்கும், வழக்கமான முப்பரிமாண முறையில் 42 சதவீதம் பேருக்கும் நீண்டகாலக் குடல் பாதிப்பு மூன்றாண்டுகளில் ஏற்பட்டது. எனவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது எந்த முறையில் கொடுக்கப் போகிறீர்கள் என்பதுதான். காப்ஸ்யூலைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

நம் கையில் இருக்கும் இன்னொன்று சிறுநீர்ப்பை. அது நிரம்பியிருந்தால் சிறுகுடலை மேலே தள்ளிக் கதிரின் பாதையிலிருந்து ஓரளவு விலக்கிவைக்கும். அதனால் தினமும் முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, சுமார் 45 நிமிடம் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சொல்ல எளிது. வயிற்றுப்போக்கு தொடங்கிய பிறகு, கழிப்பறைக்கு ஓடும்போது இரண்டும் சேர்ந்து போய்விடும்; மறுபடி குடித்து மறுபடி காத்திருக்க வேண்டும். "அம்மா, தண்ணி குடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு? நடுவில போனீங்களா?" என்று டெக்னீஷியன் கேட்கும்போது, வெட்கப்பட்டுக்கொண்டு போகவில்லை என்று சொல்பவர்களைக் காத்திருப்பு அறையில் பார்த்திருக்கிறேன். அது அவர்களுடைய குடலுக்கே கேடு. சித்தி மட்டும் ஒளிக்காமல், "போயிட்டேம்மா, இன்னொரு பாட்டில் குடிச்சுட்டு வாறேன்" என்று வரிசையில் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். கழிப்பறைக்கு அருகிலுள்ள இருக்கை, மாற்றுச் சேலை, வயதானவர்களுக்கான டயப்பர் இவை மூன்றும் எங்கள் பட்டியலில் மாத்திரைக்கு முன்பே இடம்பிடித்தவை.

ஒரு சிறு நோட்டில் தினமும் எத்தனை முறை போனார், இறுக்கமா நீரா, இரத்தம் இருந்ததா, எடை எவ்வளவு என்று எழுதினோம். சிகிச்சைக்கு முந்தைய வழக்கத்தையும் முதல் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். ஏனென்றால் மருத்துவர்கள் வயிற்றுப்போக்கின் தரத்தை வழக்கத்தைவிட எத்தனை முறை கூடியது என்பதைக் கொண்டுதான் கணக்கிடுகிறார்கள்: 4 முறைக்குக் குறைவாகக் கூடினால் முதல் தரம், 4 முதல் 6 வரை இரண்டாம் தரம், 7 அல்லது அதற்கு மேல் மூன்றாம் தரம். "கொஞ்சம் போகுது சார்" என்று சொன்னால் அவரால் எதையும் முடிவு செய்ய இயலாது. மூன்றாவது வாரத்தில் சித்தியின் கணக்கு இரண்டாம் தரத்தைத் தொட்ட அன்றே நோட்டைக் காட்டினோம். வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் லோப்பெரமைடு என்ற மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். முதலில் இரண்டு மாத்திரை, பிறகு ஒவ்வொரு முறை நீராகப் போன பின்னும் ஒன்று, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது என்பது 2 மில்லிகிராம் மாத்திரைக்கு அவர் சொன்ன கணக்கு. காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் அதைப் போடாமல் நேராக மருத்துவமனைக்கு வரச் சொன்னார். புரோபயாட்டிக் சாப்பிடுகிறோமே, இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் இந்த மருந்தால் வரக்கூடிய மிகப் பெரிய தீங்கு என்று நான் நினைக்கிறேன். தடுப்பதற்கு என்று தொடங்கியது, வந்த பிறகு செய்ய வேண்டியதைத் தாமதப்படுத்திவிடக் கூடாது.

இழந்த நீரை ஓ.ஆர்.எஸ். தூள்தான் ஈடுகட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் தயாரான பெரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் என்று கண்ணளவில் போட்டால் உப்பும் சர்க்கரையும் கூடி வயிற்றுப்போக்கு மேலும் வலுக்கும். அட்டைப் பெட்டியில் பழச்சாறு மணத்தோடு வரும் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்குபவர்கள் என் கடைக்கே எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அவற்றில் சர்க்கரை பல மடங்கு. சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

உணவில் நாங்கள் பெரிதாக எதையும் நிறுத்தவில்லை. நார்ச்சத்தே கூடாது என்ற பழைய அறிவுரையை இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு கேள்விக்கு உள்ளாக்கியிருக்கிறது; போதிய நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்குக் குடல் தொல்லை குறைவாகவே இருந்தது. வாழைப்பழம், குழைந்த சோறு, தோல் நீக்கிய பருப்பு, இட்லி ஆகியவை ஒத்துக்கொண்டன. காரமும் எண்ணெய்ப் பலகாரமும் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. அடிக்கடி கழுவியதில் தோல் எரியத் தொடங்கியபோது, துடைக்காமல் வெதுவெதுப்பான நீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தோம். தேங்காய் எண்ணெயோ களிம்போ, எதைத் தடவுவதாக இருந்தாலும் கதிர்வீச்சு நேரத்துக்கு முன் தடவக் கூடாது என்பதையும், இடுப்பில் போட்டிருக்கும் மைக்கோடு அழியக் கூடாது என்பதையும் செவிலியர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஒரு தவணையும் தவறாமல் வெளிக் கதிர்வீச்சு முடிந்தது. ஒரு வாரக் கீமோ மட்டும் வெள்ளணு குறைந்ததால் தள்ளிப்போனது, அந்த வாரம் காப்ஸ்யூலையும் நிறுத்தியிருந்தோம். இது காப்ஸ்யூலின் வெற்றி என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அது இல்லாமலும் இதே அளவில் முடிந்திருக்கலாம். காத்திருப்பு அறையில் சித்தியின் பக்கத்தில் அமர்ந்திருந்த, எந்த புரோபயாட்டிக்கும் சாப்பிடாத ஓர் அம்மாவுக்குச் சித்தியைவிடக் குறைவாகவே போனது. ஒரே ஒருவரின் அனுபவத்தை வைத்து மருந்தைப் புகழ்வதையும் இகழ்வதையும் கடையில் நாள்தோறும் கேட்பவள் என்பதால், இதில் நான் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்கிறேன்.

சிகிச்சை முடிந்து சில வாரங்களில் வயிறு படிப்படியாக நிலைக்கு வந்தது. மருத்துவரைக் கேட்டுக் காப்ஸ்யூலை நிறுத்தினோம். பாலை ஒரு கால் டம்ளரில் தொடங்கி மெல்லக் கூட்டினோம். சிலருக்கு மாதங்கள் கடந்தும் போக்கு நிற்காது, அல்லது நின்ற பிறகு மறுபடி தொடங்கும். அது வேறு கணக்கு. பித்த அமிலம் உறிஞ்சப்படாதது காரணமாக இருந்தால் அதற்குக் கோலெஸ்டிரமைன் என்ற தூள் மருந்து இருக்கிறது. குடலில் நுண்ணுயிர்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. மலத்தில் இரத்தம் வந்தால் உள்நோக்கிக் கருவியால் பார்க்க வேண்டியிருக்கும். இவற்றில் எதற்கும் கடையில் புரோபயாட்டிக் கேட்டு வராமல், கதிர்வீச்சுக் குறிப்புகள் அடங்கிய கோப்போடு குடல் மருத்துவரிடம் போக வேண்டும். என்னிடம் வருபவர்களை நான் அங்கேதான் அனுப்புகிறேன்.